மரியாதையே மதிலான மலைநாடு

மரியாதைக்கு இலக்கணம் வகுத்து, அந்த இலக்கணத்துக்கு ஒரு பெயரும் சூட்டி, பள்ளிப் பிள்ளைகள் முதல் மந்திரிகள் வரையில் யாவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கும் தேசம் ஒன்று உண்டு. இமயமலைச் சாரலில் நமக்கு அண்டை வீட்டாராக இருக்கும் பூடான் ராஜ்யந்தான் அது. அந்த இலக்கணத்துக்கு 'திரிக்லாம் நம்ஷா' என்று பெயர். ஒழுங்கின் வழிமுறை என்று பொருள் சொல்லலாம். எப்படி நிற்பது, எப்படி நடப்பது, பெரியவர்கள் எதிரில் எப்படிப் பேசுவது, பந்தியில் எப்படி உட்காருவது, தோளில் கிடக்கும் வஸ்திரத்தை எவ்வளவு தாழ்த்தி வணங்குவது என்பவையெல்லாம் அதில் அடக்கம்.

"இதற்கெல்லாம் ஒரு சாஸ்திரமா?" என்று நேயர்கள் புன்னகை செய்யலாம். பூகோளப் படத்தை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டால் புன்னகை அடங்கிவிடும். வடக்கே சீனம், மற்ற மூன்று பக்கங்களிலும் இந்தியா. இவ்விரு பெருந்தேசங்களின் நடுவே சுமார் 38,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைநாடு. 2017-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அங்கே வசிப்பவர்கள் 7,27,000 பேர். வெள்ளைக்காரர்கள் 1864-65-ல் நடந்த யுத்தத்தில் அடிவாரத்திலுள்ள துவார் பிரதேசங்களைப் பறித்துக் கொண்டார்கள். ஆனால் மலைநாட்டை அவர்கள் ஆண்டதில்லை. இப்படிப்பட்ட சின்னஞ்சிறு தேசம், "நாங்கள் வேறு, எங்கள் வழி வேறு" என்று உலகத்துக்கு எதைக் காட்டிச் சொல்லும்? சேனையைக் காட்டிச் சொல்ல முடியாது. செல்வத்தைக் காட்டிச் சொல்ல முடியாது. தன் உடையையும் நடையையும் வணக்கத்தையும் பண்டிகையையும் காட்டித்தான் சொல்ல முடியும். பூடான் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறது.

இந்த வழக்கங்களுக்கு மூல புருஷராக அந்நாட்டார் போற்றுவது சப்துருங் நவாங் நாம்கியால் என்னும் பௌத்த குருவை. அவர் 1616-ல் திபெத்திலிருந்து வந்து, தனித்தனியாகச் சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரே நாடாக்கினார். பள்ளத்தாக்குகளில் 'ஸோங்' என்ற பெரிய அரண்களைக் கட்டினார். அரணின் ஒரு பாதி பிக்ஷுக்களுக்கு, மறு பாதி ராஜாங்க உத்தியோகஸ்தர்களுக்கு. இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். ஒரே முற்றத்தைக் கடந்து ஒருவர் பூஜைக்குப் போகிறார், மற்றொருவர் கச்சேரி வேலைக்குப் போகிறார். அந்த முற்றத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறைதான் நாளடைவில் ஊரெங்கும் பரவி, தேசத்தின் மரியாதையாகிவிட்டது.

உடையும் வஸ்திரமும்

ஆண்களின் உடைக்குக் 'கோ' என்று பெயர். கணுக்கால் வரை நீண்ட அங்கியை முழங்கால் மட்டத்துக்குத் தூக்கி, இடுப்பில் இறுகக் கச்சை கட்டிக் கொள்வார்கள். அப்படிக் கட்டும்போது மார்புப் பக்கத்தில் தானாகவே ஒரு பெரிய பை ஏற்பட்டுவிடும். சாப்பிடும் கிண்ணம், கத்தி, வெற்றிலை பாக்கு எல்லாம் முற்காலத்தில் அதற்குள்ளேதான். இந்தக் காலத்தில் டெலிபோனும் அங்கேயே குடி புகுந்துவிட்டது! பெண்களின் 'கிரா' கணுக்கால் வரை தொங்கும் கைத்தறித் துணி. அதன்மேல் குட்டையான ஒரு சட்டை. ஒரு நல்ல பட்டுக் கிராவை நெய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகுமாம். தாயிடம் மகள் கற்கும் அந்தத் தறி வித்தை நாட்டின் கீழ்ப்பகுதியில் வீட்டுக்கு வீடு இருந்து வந்திருக்கிறது.

அரணுக்குள் நுழைய வேண்டுமானால் கோ மட்டும் போதாது. இடது தோளிலிருந்து குறுக்காக 'கப்னே' என்ற வஸ்திரத்தை அணிய வேண்டும். அதன் நிறத்தைப் பார்த்தே ஆளின் பதவியைச் சொல்லிவிடலாம். அரசருக்கும் தலைமைப் பிக்ஷுவுக்கும் மஞ்சள், மந்திரிகளுக்குச் செம்மஞ்சள், 'தாஷோ' பட்டம் பெற்றவர்களுக்குச் சிவப்பு, நியாயாதிபதிகளுக்குப் பச்சை, பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு நீலம், சாதாரணப் பிரஜைக்கு வெள்ளை. பெண்கள் 'ராச்சு' என்ற வேலைப்பாடுள்ள துணியைத் தோளில் இடுவார்கள். அரசர் எதிரில் வந்தால் வஸ்திரத்தின் நுனி தரையில் படும்படி தாழ்த்தி வணங்க வேண்டும்.

விருந்தில் வெட்கம்

ஆனால் மரியாதையின் அழகைக் காண வேண்டுமானால் அரணைவிட்டு வீட்டுக்குள் போக வேண்டும். விருந்தாளிக்கு எதையாவது நீட்டினால், அவர் உடனே கையை நீட்டமாட்டார். வாயைக் கையால் மறைத்துக் கொண்டு, "மெஷு, மெஷு" என்பார். வேண்டாம், வேண்டாம் என்று பொருள். வீட்டுக்காரர் மறுபடியும் உபசரிக்க வேண்டும். மறுபடியும் "மெஷு". மூன்றாந் தடவைதான் பாத்திரம் நிறையும். கொடுப்பவர் கஞ்சத்தனம் இல்லாதவர், வாங்குபவர் பேராசை இல்லாதவர் என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் நிரூபித்துக் கொள்ளும் சிறு நாடகம் இது. நம் வீடுகளில், "போதும், போதும்" என்று இலைக்கு மேல் கையை விரித்துக் கொண்டே இரண்டாந்தரம் பாயசம் வாங்கிக் கொள்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாத்திரத்தில் விழுவது என்ன? சிவப்பரிசிச் சோறும், 'எமா தாத்ஸி' என்ற மிளகாய்க் குழம்பும். காரத்துக்காகச் சேர்க்கும் பண்டமாக நாம் நினைக்கும் மிளகாயை அவர்கள் காய்கறியாகவே நினைக்கிறார்கள். முழு மிளகாயைப் பாலாடைக் கட்டியோடு கொதிக்க வைத்துப் பரிமாறுகிறார்கள். ஆந்திர நாட்டார்கூடச் சற்று யோசித்துத்தான் கை வைக்க வேண்டும். குடிக்க, உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த தேநீர்.

கடைசியில் வருவது 'தோமா'. அது வேறொன்றுமில்லை, நம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புதான்! குளிர்ந்த மலைகளில் இவை விளைவதில்லை. வெப்பமான தென்பகுதியிலிருந்தும் இந்தியச் சமவெளியிலிருந்தும் மலையேறி வருகின்றன. இருந்தும் தோமா இல்லாமல் அங்கே சுபகாரியம் இல்லை. கிருகப்பிரவேசம், கலியாணம், உத்தியோக உயர்வு ஆகிய சமயங்களில் எல்லாரும் வரிசையாகச் சம்மணமிட்டு உட்காருவார்கள். தேநீர், மஞ்சள் நிற இனிப்புச் சோறு, பழங்கள் என ஒவ்வொன்றாகப் பரிமாறுவார்கள். தெய்வத்துக்கு நிவேதனம் செய்த பிறகே கை வைப்பார்கள். அந்தச் சடங்கிலும் தோமாவுக்கு இடம் உண்டு. தாம்பூலம் மாற்றிக் கொள்ளும் சமூகத்தில் பிறந்த நமக்கு இந்தச் செய்தியில் ஒரு தனிச் சந்தோஷம் ஏற்படுகிறது.

இன்னும் சில வழக்கங்களையும் சொல்லிவிடுவோம். பேச்சின் முடிவில் 'லா' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் அது மரியாதைச் சொல்லாகிவிடும். 'குஸுஸாங்போ லா' என்பது வணக்கம். ஒன்றைச் சுட்டிக் காட்ட விரலை நீட்டக் கூடாது. உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். ஸ்தூபியையும் கோயிலையும் வலமாகவே சுற்ற வேண்டும். பரிசு கொடுத்தவரின் கண்ணெதிரே அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பது கிடையாது. குழந்தைக்கு லாமா ஒரு பெயரோ இரு பெயரோ இடுவார். பல பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. மேற்குப் பகுதியிலும் மத்தியப் பகுதியிலும் வீடும் நிலமும் பெண்ணுக்கே போகும் வழக்கம் உண்டு. மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்குக் குடிபோக வேண்டும்.

பண்டிகைகள்

பூடானின் பஞ்சாங்கம் சந்திரனைப் பின்பற்றுவது. நம் பஞ்சாங்கத்தைப் போலவே அதிலும் மறையும் நாட்களும் இரட்டிக்கும் நாட்களும் உண்டு. அதிக மாதமும் உண்டு. 'லோசார்' என்னும் புத்தாண்டு பிப்ரவரி மார்ச்சை ஒட்டி வருகிறது. பழைய வழக்கப்படி, பிறந்த தேதி எதுவானாலும் அன்றுதான் எல்லோருக்கும் ஒரு வயது கூடும்.

செப்டம்பர் மாதத்தில் 'துரூ பாப்' என்று ஒரு விடுமுறை. மழைக்காலம் முடிவதைக் குறிப்பது. அன்று ஓடுகிற நீரெல்லாம், ஊறுகிற நீரெல்லாம் புனிதமாகிவிடுவதாக நம்பிக்கை. விடியற்காலையில் வீட்டிலுள்ள யாவரும் ஸ்நானம் செய்து வருஷத்தின் தோஷங்களைக் கழித்துக் கொள்கிறார்கள். தீபாவளியன்று எல்லா ஜலத்திலும் கங்கை வந்து சேருகிறாள் என்று நம்புகிற நமக்கு இது புதிதல்ல.

எல்லாவற்றிலும் பெரியது 'த்ஸேசு' திருவிழா. குரு ரிம்போசே என்று அவர்கள் வணங்கும் பத்மசம்பவரின் நினைவாக நடப்பது. பாரோ நகரத்தில் வசந்த காலத்திலும், தலைநகரான திம்புவில் செப்டம்பர் அக்டோபரிலும் நடைபெறும். அரண் முற்றத்தில் பிக்ஷுக்களும் ஊராரும் முகமூடியணிந்து ஆடுவார்கள். யமதர்ம ராஜனின் நியாய ஸ்தலத்தைக் காட்டும் ஆட்டம் ஒன்று பல மணி நேரம் நடக்கும். இறந்தவனுடைய நன்மை தீமைகளைத் தராசில் நிறுப்பார்கள். பாவியைக் கறுப்புத் துணி விரித்த வழியாகவும், புண்ணியவானை வெள்ளைத் துணி விரித்த வழியாகவும் அழைத்துப் போவார்கள். இதைக் குழந்தைப் பருவம் முதல் ஆண்டுதோறும் பார்த்து வளர்பவனுக்கு வேறு நீதி போதனை வேண்டுமா? பாரோவில் கடைசி நாள் விடியுமுன் ஒரு மாடி வீட்டை மறைக்கக் கூடிய மகா பெரிய சித்திரப் படாம் அவிழ்க்கப்படும். பார்த்த மாத்திரத்தில் பாவம் போகும் என்பது ஐதிகம். வெயில் படுமுன் மறுபடியும் சுருட்டிவிடுவார்கள்.

புனாகா நகரத்துத் திருவிழா சரித்திரத்தையே நடித்துக் காட்டுகிறது. பதினேழாம் நூற்றாண்டில், சப்துருங் எடுத்து வந்த புனிதச் சின்னம் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும் என்று திபெத்தியச் சேனை படையெடுத்து வந்தது. அவர் அந்தச் சின்னத்தை ஆற்றில் எறிவதுபோல் பாவனை செய்து பகைவரை ஏமாற்றினார் என்பது கதை. இன்றும் ஊர்க் குடியானவர்கள் பழைய போர்வீரர் வேஷம் பூண்டு அணிவகுக்க, தலைமைப் பிக்ஷு ஆற்றங்கரையில் நின்று நீரில் ஆரஞ்சுப் பழங்களை எறிகிறார். ஒரு தேசம் தன் விடுதலையை நினைவு கூர இதைவிட இனிப்பான வழி வேறு இருக்குமா என்று தெரியவில்லை! டிசம்பர் 17-ந் தேதி தேசீய தினம். 1907-ம் வருஷம் அன்றுதான் உக்யென் வாங்சுக் முதல் அரசராக முடி சூடினார்.

இவ்வளவு பணிவுள்ள ஜனங்களுக்கு மனம்விட்டுக் கேலி செய்ய இடமே இல்லையோ என்று நேயர்கள் இரக்கப்பட வேண்டாம். அதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். திருவிழாவில் 'அத்ஸரா' என்னும் கோமாளிகள் பெரிய மனிதர்களையும் பிக்ஷுக்களையும்கூடப் பரிகசிப்பார்கள். யாரும் கோபித்துக் கொள்ளக் கூடாது. தேசீய விளையாட்டான வில் வித்தையில் சுமார் 145 மீட்டர் தூரத்தில் ஒரு குறுகிய பலகை நிற்கும். எதிர்க் கட்சிக்காரன் நாணை இழுக்கும்போது அவன் குறியைக் கெடுக்க ஏசிப் பாடலாம், கூத்தாடலாம். அம்பு தைத்துவிட்டால் தைத்த கட்சியார் வட்டமாக நின்று பாடி ஆடுவார்கள். மரியாதை தெரிந்த சமூகம், அவமரியாதைக்கும் ஒரு மைதானம் கொடுத்து வைத்திருக்கிறது. இது நல்ல புத்திசாலித்தனம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மலைகளுக்கும் அங்கே மரியாதை உண்டு. சிகரங்களில் தெய்வங்கள் வசிப்பதால் 6,000 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் ஏறலாகாது என்று 1994-ல் தடை விதித்தார்கள். 2003-ல் மலையேற்றத்தையே அடியோடு நிறுத்திவிட்டார்கள். 7,570 மீட்டர் உயரமுள்ள காங்கர் புவென்சும் சிகரத்தில் இதுவரை எந்த மனிதனும் காலடி வைத்ததில்லை. உலகமெங்கும் கொடி நாட்டுவதைப் பெருமையாக நினைக்கும்போது, நாட்டாமல் விடுவதைப் பெருமையாக நினைப்பதும் ஒரு நாகரிகந்தானே?

சட்டம் புகுந்த கதை

இதுவரையில் சொன்னவை இனிய செய்திகள். ஆனால் இனிமையை மட்டும் சொல்லி நிறுத்திக் கொண்டால் நேயர்களுக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம்.

பூடானின் தெற்கு அடிவாரத்தில் நேபாள மொழி பேசும் ஜனங்கள் வசிக்கிறார்கள். தென்னாட்டார் என்ற பொருளில் 'லோட்சாம்பா' என்று அவர்களுக்குப் பெயர். பெரும்பாலோர் ஹிந்துக்கள். காட்டைத் திருத்திக் கழனியாக்கிய குடியானவர்களின் சந்ததியார். 1989-ல் ஓர் அரச ஆணை பிறந்தது: பொது இடங்களில் யாவரும் தேசீய உடையே உடுத்த வேண்டும், திரிக்லாம் நம்ஷாவையே பின்பற்ற வேண்டும். குளிர் நாட்டுக்கு ஏற்ற கனத்த அங்கியை வெயில் கொளுத்தும் அடிவாரத்துக் குடியானவனும் அணிய வேண்டியதாயிற்று. தவறினால் அபராதம். பள்ளிக்கூடங்களில் நேபாள மொழிப் பாடமும் நின்றது.

உடை ஒன்று மட்டுமே வினையாகிவிடவில்லை. 1985-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தின் மீது 1988-ல் எடுத்த கணக்கில், 1958-ல் தாம் அந்நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சிச் சீட்டுக் காட்ட முடியாதவர்கள் அந்நியர் பட்டியலில் விழுந்தார்கள். 1990-ல் தெற்கே கிளர்ச்சி மூண்டது; சர்க்கார் அதை அடக்கியது. அடுத்த சில வருஷங்களில் 1,00,000 பேருக்கு மேல் நேபாளத்தின் கிழக்கு ஜில்லாக்களான ஜாபாவிலும் மோராங்கிலும் அகதி முகாம்களில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள், பலர் தாமாகவே வெளியேறியவர்கள் என்பது பூடான் சர்க்காரின் கட்சி. பலவந்தமாக வெளியேற்றப்பட்டோம் என்பது அகதிகளின் கட்சி. 2007-ல் தொடங்கிய ஏற்பாட்டின்படி பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய தேசங்களுக்குக் குடி பெயர்ந்தார்கள். பதினைந்து, இருபது வருஷங்களை மூங்கில் குடிசைகளிலேயே கழித்துவிட்டு, மூதாதையர் கேட்டறியாத ஊர்களில் புதிதாக அடுப்பு மூட்டினார்கள்.

மூன்று தடவை 'மெஷு' சொல்லி ஒரு கவளம் வாங்கிக் கொள்ளும் மென்மையான தேசத்திலா இது நடந்தது என்று மனம் திடுக்கிடுகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. சிறிய நாடு பெரியவர்கள் நடுவில் கரைந்து போவோமோ என்று அஞ்சியது. பக்கத்திலிருந்த சிக்கிம் ராஜ்யம் 1975-ல் இந்தியாவோடு சேர்ந்துவிட்டதை அது கண்ணால் கண்டிருந்தது. பயம் உண்மையானது. ஆனால் மரியாதை என்பது ஒருவர் மனமுவந்து மற்றொருவருக்குக் கொடுப்பது. அதிகாரி கையை நீட்டி வசூலிக்கும் வரியல்ல. வரியாகிவிட்ட கணத்தில் அதிலிருந்த பணிவு போய்விடுகிறது. துணி மட்டும் மிஞ்சுகிறது.

இனி என்ன?

காலம் மலைக்கு வெளியே நிற்கவில்லை. 1958-ல் ஜவாஹர்லால் நேரு பூடான் சென்றபோது அங்கே மோட்டார்ப் பாதை கிடையாது. கணவாய் தாண்டி, பெரும்பாலும் குதிரையேறியே போனார். பிறகு 1960-களில் இந்தியாவின் உதவியால் பாதை வந்தது. 1999-ல் டெலிவிஷனும் இண்டர்நெட்டும் ஒரே வருஷத்தில் நுழைந்தன. 2008-ல் அரசர்களே முன்னின்று அரசியல் சட்டமும் ஜனப் பிரதிநிதித்துவ ஆட்சியும் கொடுத்தார்கள். கலாசாரம் என்பது வளர்ந்து மாறிக் கொண்டேயிருக்கும் சக்தி என்று அந்தச் சட்டத்திலேயே ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். ஹிந்துக்களின் தசைன் பண்டிகை சர்க்கார் விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது. இவை நல்ல அடையாளங்கள். ஆனால் விடுமுறைப் பட்டியலில் இடம் கொடுப்பது எளிது. வெளியேறியவர்களுக்கு ஊரில் இடம் கொடுப்பதுதான் கடினம். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

திம்பு நகரில் ஒரு முறை போக்குவரத்து விளக்கு வைத்துப் பார்த்தார்கள். கைகாட்டி வழிவிடும் போலீஸ்காரரே மேல், மனித முகம் இல்லாத விளக்கு வேண்டாம் என்று ஜனங்கள் சொல்லவே, அதை எடுத்துவிட்டார்கள். வெள்ளைக் கையுறை அணிந்த அந்தப் போலீஸ்காரர், கூத்தில் அபிநயம் பிடிப்பவரைப்போல் வண்டிகளை வழிநடத்துவது ஊருக்கே ஓர் அடையாளமாகிவிட்டது. இந்த வழக்கத்துக்கு எந்த ஆணையும் தேவைப்படவில்லை. ஜனங்களின் பிரியமே போதுமானதாயிருந்தது.

சமீப வருஷங்களில் பூடானின் வாலிபர்கள் படிப்பையும் பிழைப்பையும் தேடி ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். தேசத்துக்கு இது பெரிய கவலை. மதிலுக்குள் யாரும் வராமல் காத்துவிடலாம். உள்ளிருப்பவர்கள் போவதை மதில் எப்படித் தடுக்கும்? ஆனாலும் பெர்த் போன்ற நகரங்களில் பண்டிகை நாட்களில் அவர்கள் கோவும் கிராவும் உடுத்திக் கூடுகிறார்கள். அங்கே அபராதம் விதிக்க அதிகாரி இல்லை. தாழ்ந்து வணங்க அரணும் இல்லை. ஆயினும் கச்சையை இறுகக் கட்டிக் கொள்கிறார்கள், குழந்தைகளுக்கும் கட்டிவிடுகிறார்கள்.

பூடானின் பழக்க வழக்கங்களுக்கு உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை. தாய் தன் மகளுக்குத் தறியில் கற்றுக் கொடுத்தது, பாட்டன் தன் பேரனைத் திருவிழாக் கூட்டத்தில் தோளில் தூக்கி வைத்துக் காட்டியது — அதுதான் கடல் தாண்டியும் உடன் வருகிறது. தங்கள் வழக்கங்களைக் காப்பாற்ற விரும்பும் ஜனங்கள், அந்த ஜனங்கள் யாராயிருந்தாலும், பூடானிடம் கற்றுக் கொள்ள வேண்டியவை இரண்டு. தன் வழக்கத்தைக் கண்டு வெட்கப்படாமலிருப்பது ஒன்று. அதைப் பிறர் தோளில் பலவந்தமாகப் போர்த்தாமலிருப்பது மற்றொன்று. முதற் பாடத்தை அந்தச் சிறிய நாடு உலகத்துக்கு அழகாகக் கற்பித்திருக்கிறது. இரண்டாவது பாடத்தை அது பெரிய விலை கொடுத்துக் கற்று வருகிறது. அந்த விலையில் பெரும் பங்கைக் கொடுத்தவர்களோ அடிவாரத்துக் குடியானவர்கள்.